மண்புழுத் தொட்டிக்குத் தடை வேண்டாம், விதி போதும்: குடியிருப்புச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பால்கனியிலோ படிக்கட்டுத் திருப்பத்திலோ மொட்டை மாடியிலோ இனிமேல் யாரும் மண்புழுத் தொட்டி (சமையலறைக் கழிவை மண்புழுவைக் கொண்டு உரமாக்கும் தொட்டி) வைக்கக் கூடாது, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அகற்றிவிட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். நாற்றம், பூச்சி, புழுக்கள் வெளியே ஊர்ந்து வருவது என மூன்று காரணங்களும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரப்போகிறது. அதற்கு முன்னால் இந்த மடலை முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். குழுவுக்கு மட்டும் கடிதம் கொடுத்திருக்கலாம். ஆனால் கை தூக்கப் போவது எல்லா வீட்டுக்காரர்களும்தான் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்தத் தடைக்குக் காரணமான புகாரைக் கொடுத்தவர் எதையும் மிகைப்படுத்தவில்லை. அவர் குறை சொன்ன தொட்டியை நானும் போய்ப் பார்த்தேன். துணி காயப்போடக்கூட வெளியே வர முடியவில்லை என்று அந்த வீட்டார் சொன்னது உண்மை. அழுகல் வாடை அப்படி அடித்தது. மூடியைத் திறந்தால் மேலே மீந்துபோன சமையல், அதன் கீழே கொழகொழவென்று காய்கறித் தோல், அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர். காகிதமோ சருகோ ஒரு பிடிகூட இல்லை. கிளறிப் பார்த்தேன், உயிரோடு ஒரு புழுகூடக் கண்ணில் படவில்லை. அது மண்புழுத் தொட்டியாக இருந்தது எப்போதோ. நாங்கள் எல்லோரும் மோந்தது மண்புழு செத்துப்போன பிறகு மிஞ்சிய ஒரு குப்பை வாளியை. அந்த வாளியை அகற்றச் சொன்னது சரி. அதைக் காரணம் காட்டி உயிருள்ள தொட்டிகளையும் சேர்த்து அகற்றச் சொல்வதுதான் சரியில்லை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, அதுவும் தோல் ஈரமாக இருக்கும்வரைதான். அதனால் அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். படுக்கையின் (தொட்டிக்குள் புழு வாழும் காகிதம், சருகு அடுக்கு) எடையில் 70 முதல் 80 சதவீதம் ஈரம் இருந்தால் அதற்கு வசதி. கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் அதிகம், எதுவுமே வராவிட்டால் குறைவு.

இந்தப் புழுவுக்குப் பல்லும் கிடையாது. நாம் போடும் தோலை அது நேரடியாகக் கடித்துத் தின்பதில்லை. முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தத் தோலில் குடியேறி அதை இளக வைக்கின்றன. இளகிய பகுதியை அந்த நுண்ணுயிர்களோடு சேர்த்துப் புழு விழுங்குகிறது. அதன் உடலுக்குள் இருக்கும் அரைவைப்பையில், விழுங்கிய மணல்துகள்களின் உதவியோடு எல்லாம் அரைபடுகிறது. ஆக, தொட்டியின் வேகத்தைத் தீர்மானிப்பது புழுவின் பசி மட்டும் இல்லை, அதற்கு முன் நுண்ணுயிர்கள் செய்து முடிக்க வேண்டிய வேலையும்தான். இது தெரியாமல், 'புழு இருக்கிறதே, தின்றுவிடும்' என்று நாள்தோறும் கொட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? காய்கறி, பழத்தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது இளகும்போது தண்ணீர் வெளியேறிப் படுக்கையின் இடுக்குகளை அடைத்துவிடும். காற்று போகும் வழி மூடிவிடும். காற்று இல்லாத இடத்தில் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் அப்புறம் ஆட்சிக்கு வரும். அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, புளித்த வாடை தரும் அமிலங்கள் எல்லாம் அவற்றின் வேலை. கூடவே பச்சைக் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம் என்பதால் அம்மோனியா நெடியும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மருந்து மிக மலிவானது: கிழித்துப்போட்ட பழைய நாளிதழ், அட்டைப்பெட்டித் துண்டு, காய்ந்த சருகு, நார்த்தூள். இவை ஈரத்தை உறிஞ்சும், இடுக்குகளைத் திறந்து வைக்கும், கரிச்சத்தை (கார்பன்) கொடுக்கும். மக்குவதற்கு இடும் பொருளில் தழைச்சத்தைப் போல 25, 30 மடங்கு கரிச்சத்து இருந்தால் நல்லது. அதற்காக யாரும் தராசு வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் தோல் போட்டால், கிழித்த காகிதமும் ஒரு கிண்ணம் மேலே போடுங்கள். அவ்வளவுதான்.

குழு கவனிக்க வேண்டிய இடம் இது. பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கைத் துளைக்கும் அதே நிலைமைதான் புழுவையும் கொல்கிறது. காற்றில்லாத, அம்மோனியா ஏறிய படுக்கையில் மண்புழு பிழைக்காது. புழு செழிப்பாக இருக்கும் தொட்டியைத் திறந்தால் வருவது மழை நனைத்த மண்ணின் வாசனை. அதைத் தருவது மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். என் தொட்டி சமையலறைக் கதவை ஒட்டி, நான் தினமும் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து மூடியைத் திறந்து மோந்து பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதுகூட இல்லை.

அடுத்தது, புழு வெளியே வருவது. இதுவும் நடக்கிற விஷயம்தான், மறுக்கவில்லை. புதிய தொட்டியில் விட்ட முதல் சில இரவுகளில் இடம் பிடிக்காமல் சில புழுக்கள் சுவரில் ஏறும். அப்புறம் ஏறினால் உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள்: ஈரம் மிஞ்சிவிட்டது, புளிப்பேறிவிட்டது, அல்லது சூடாகிவிட்டது. மண்புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் தோலில் ஒளியை உணரும் செல்கள் உண்டு. வெளிச்சம் பட்டால் உள்ளே போய்விடும். அதனால் முதல் சில இரவுகள் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் போதும்.

அதிர்வும் அதற்கு ஆகாது. சார்லஸ் டார்வின் தன் கடைசிக் காலத்தில் வீட்டில் தொட்டிகளில் மண்புழு வைத்து நிறைய சோதனை செய்தார். 1881இல் அதையெல்லாம் எழுதி வெளியிட்டார், மறு ஆண்டு இறந்துபோனார். பக்கத்தில் பியானோ வாசித்தால் அந்தப் புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை, ஆனால் தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன என்று அதில் பதிவு செய்திருக்கிறார். காது இல்லாத உயிருக்கு உடம்பே காது. நம் குடியிருப்பில் சிலர் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேலேயே தொட்டியை வைத்திருக்கிறார்கள். அது வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

சரி, வெளியே வந்த புழு கட்டடம் முழுவதும் பரவிவிடுமா? பரவாது. காய்ந்த தரையில் தோல் உலர்ந்து கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். தொட்டிக்குள் பெருகிக்கொண்டே போய் ஒருநாள் பொங்கி வழியும் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். ஒவ்வொரு மண்புழுவுக்கும் ஆண், பெண் உறுப்பு இரண்டும் உண்டு என்பது உண்மை, இருந்தாலும் இனப்பெருக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு புழுக்கள் சேர வேண்டும். அவை இடும் முட்டைக்கூடு எலுமிச்சை வடிவில், கண்ணுக்குத் தெரியும் அளவில் மிகச் சிறிதாக இருக்கும். சுமார் மூன்று வாரம் கழித்து அதிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வரும். அவை வளர்ந்து முட்டையிட மேலும் ஆறு, எட்டு வாரம் ஆகும். உணவும் இடமும் எவ்வளவோ அந்த அளவோடு எண்ணிக்கை நின்றுவிடும். பாதியாக வெட்டினால் இரண்டாகும் என்பதும் உண்மையில்லை. தலைப்பகுதி சில வேளை பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும், வால்பகுதி பெரும்பாலும் முழுப் புழுவாக ஆகாது.

பூச்சி விஷயத்தில் பழ ஈ ஒன்றுதான் உண்மையான தொல்லை. அதன் முட்டைகள் பழத்தோலோடுதான் வீட்டுக்குள் வருகின்றன. தோலை ஒரு இரவு உறைபெட்டியில் வைத்துவிட்டுப் போட்டால் முட்டைகள் அழியும், தோலும் சீக்கிரம் இளகும். போட்டதைப் படுக்கைக்குள் புதைத்து மேலே இரண்டு அங்குல ஈரக் காகிதம் மூடினால் ஈக்கு வழியில்லை. எறும்பு வந்தால் படுக்கை காய்ந்துவிட்டது என்று அர்த்தம், தண்ணீர் தெளிக்க வேண்டும். நூல் மாதிரி மெல்லிய வெள்ளைப் புழுக்கள் அதிகமாகத் தெரிந்தால் புளிப்பேறுகிறது, முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவ வேண்டும். மற்றபடி உள்ளே துள்ளும் சிறு பூச்சிகளும் உண்ணிகளும் அங்கேயே வேலை பார்ப்பவை. அவை நம் படுக்கையறைக்கு வரப்போவதில்லை. கரப்பானும் எலியும் வரலாம், ஆனால் அவை தேடி வருவது இறைச்சி, மீன், எண்ணெய், மீந்த சமையல். இவற்றைத் தொட்டியில் போடவே கூடாது என்பது புழுவின் நலனுக்காகவும்தான். உப்பும் எண்ணெயும் அதன் தோலுக்கு ஆகாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெயும் அதிகமானால் கெடுதல். வெங்காயம், பூண்டு, மிளகாய் கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை, தனியாகக் குவிக்க வேண்டாம்.

தொட்டி கெட்டுப்போவதற்கு இன்னொரு பெரிய காரணம், தவறான புழு. இதை யாரும் பேசுவதே இல்லை. தோட்டத்தில் தோண்டி எடுத்த புழுக்களைப் போட்டு ஆரம்பித்தவர்கள் இங்கே பலர். மண்புழுக்களை வாழும் இடத்தை வைத்து மூன்று வகையாகச் சொல்வார்கள். மேலே கிடக்கும் சருகிலும் சாணத்திலும் வாழ்பவை, மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாகத் துளைத்து மண்ணைத் தின்று வாழ்பவை, ஆழமாக வளை தோண்டி இரவில் மேலே வந்து இலையை இழுத்துப் போகிறவை. முதல் வகைதான் தொட்டிக்கு ஆகும். தோட்டத்து மண்ணைத் தோண்டினால் கிடைப்பவை பெரும்பாலும் மற்ற இரண்டு வகை. மண்ணே இல்லாத தொட்டியில் காய்கறித் தோலோடு அவற்றை அடைத்தால் சில நாளில் செத்துவிடும். செத்ததும் நாறும். குற்றம் அவற்றின் மேல் இல்லை.

தொட்டிக்கென்று உலகம் முழுவதும் வளர்ப்பது ஐசீனியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுவை. அதன் நெருங்கிய உறவான ஐசீனியா ஆண்ட்ரேயும் அப்படித்தான். வெப்பமான இடங்களில் யூட்ரிலஸ் யூஜினியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற இரண்டையும் வளர்க்கிறார்கள். யூட்ரிலஸ் பெரியது, வேகமாகத் தின்னும், ஆனால் குளிர் தாங்காது. ஐசீனியா குளிரையும் ஓரளவு சமாளிக்கும், 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் அதற்கு மிகவும் பிடித்தது. 35 டிகிரியைத் தாண்டினால் அதற்கு ஆபத்து. இதனால்தான் பிற்பகல் வெயில் நேராக விழும் பால்கனியில் தொட்டி வைக்கக் கூடாது என்கிறேன். அங்கே வைக்க நீங்கள் தடை போட்டால் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

இந்தப் புழுக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேண்டாமென்று நினைப்பவர்கள் இரக்கப்பட்டு அவற்றைக் காட்டிலோ ஆற்றங்கரையிலோ கொண்டுபோய் விடக் கூடாது. வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியூழிக்குப் பிறகு சொந்த மண்புழுக்களே இல்லை. மக்களோடு வந்து சேர்ந்த அயல் புழுக்கள் அங்கே காட்டுத் தரையின் சருகுப் படுகையைத் தின்று தீர்த்து, அதை நம்பியிருந்த செடிகளையும் உயிர்களையும் பாதிக்கின்றன. ஓரிடத்தில் நன்மை செய்யும் உயிர் இன்னோரிடத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. தொட்டி வேண்டாமென்றால் இன்னொரு தொட்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி, குழுவுக்குள்ளேயே பேசப்படும் இன்னொரு யோசனைக்கு வருகிறேன். தனித்தனித் தொட்டிகளை எடுத்துவிட்டு, வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரே பெரிய தொட்டி கட்டி, எல்லா வீட்டு ஈரக் கழிவையும் அதில் கொட்டலாம் என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் தடையைவிட இதைக் கண்டுதான் எனக்கு அதிகக் கவலை. கணக்கைப் பாருங்கள்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலக வீடுகளில் ஆளுக்குச் சராசரியாக 79 கிலோ உணவு கழிவானது. தோல், எலும்பு போன்ற தின்ன முடியாத பகுதிகளும் இதில் அடக்கம். நான்கு பேர் உள்ள வீடு என்றால் நாளைக்கு ஏறக்குறைய 870 கிராம். நூறு வீட்டுக்கு நாள்தோறும் 87 கிலோ வரும். எல்லாம் சரியாக இருந்தால் மண்புழு தன் எடையில் பாதியளவு ஒரு நாளில் தின்னும் என்பார்கள். அப்படியானால் 174 கிலோ புழு வேண்டும். ஒரு சதுர அடிப் பரப்புக்கு அரைக் கிலோ புழு என்பது பொதுவான அளவு. மேற்பரப்பில் வாழும் புழு என்பதால் ஆழம் உதவாது, பரப்புதான் கணக்கு. ஆக 350 சதுர அடி. நடைமுறையில் அவை எடையில் கால் பங்குதான் தின்னும் என்று வைத்துக்கொண்டால் 700 சதுர அடி. அதற்கு நிழல் வேண்டும், வடிகால் வேண்டும், தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மலை மாதிரி காய்ந்த சருகும் காகிதமும் வேண்டும். அதோடு, கொட்டுவது நூறு வீட்டுக்காரர்கள். யார் மீனைப் போட்டார், யார் நெகிழிப் பையோடு போட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டே வாரத்தில் அது அழுகும். அப்போது 'மண்புழு உரம் எல்லாம் சரிப்படாது' என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு பெரிய செலவும் வீணாகி, சிறிய அளவில் நன்றாக நடந்துகொண்டிருந்ததும் நின்றுபோகும்.

சமைத்த உணவு மீந்தால் அதற்கு மண்புழு சரியான வழி இல்லை. அதைக் காற்றோட்டமுள்ள பெரிய குவியலாகப் போட்டு 55 டிகிரிக்கு மேல் சூடேற விட்டு மக்க வைக்கலாம், கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனுக்கு அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேல், மீதமாகாமல் சமைக்கலாம். மண்புழுவுக்கு உரியது தோல், காம்பு, வாடிய கீரை, தேயிலைச் சக்கை, காப்பிச் சக்கை, முட்டை ஓடு. இவ்வளவுதான். ஆனால் இவ்வளவும் தினமும் ஒவ்வொரு வீட்டிலும் வருகிறது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு தேவை? ஒரு கிலோ புழு, இரண்டு சதுர அடிப் பரப்பு, ஓர் அடி ஆழம். முதல் மாதம் நாளைக்கு ஒரு கைப்பிடி. போன முறை போட்டதை அவை தின்றுவிட்டனவா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். பழகிய பிறகு கால் கிலோ, பின்னர் அரைக் கிலோ வரை போகலாம். பக்கவாட்டில் சிறு காற்றுத்துளைகள், அடியில் வடிகால் துளை, கீழே ஒரு தட்டு, மேலே சரியாகப் பொருந்தும் மூடி. ஊருக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஈரமும் காகிதமும் இருந்தால் இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும். அதிகமாகப் போட்டுவிட்டுப் போவதுதான் தவறு.

இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள், நம் கீழ்த்தளக் குப்பை அறையின் கதவைக் காலையில் ஒருமுறை திறந்து பார்க்கலாம். அங்கே வரும் நாற்றத்துக்கு ஒரு மண்புழுத் தொட்டியும் காரணமில்லை. நெகிழிப் பையில் இறுகக் கட்டிய ஈரத் தோல் இரவு முழுக்கக் காற்றில்லாமல் கிடக்கிறது, நான் மேலே சொன்ன அதே அழுகல் அங்கே நடக்கிறது. வண்டி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போன பிறகும் அது தொடர்கிறது. அங்கே ஆழத்தில் புதைந்து, காற்றில்லாமல் மட்கி மீத்தேனாக மாறுகிறது. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 27 முதல் 30 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் புவியைச் சூடாக்கும். 2022இல் உலகில் கழிவான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்று அதே ஐ.நா. அறிக்கை சொல்கிறது. உணவகம், கடை எல்லாம் சேர்ந்து மீதி. நம் ஒரு கட்டடம் இதை மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈரத் தோல் கலக்காத குப்பையைத் தொட்டுப் பாருங்கள். காகிதம் காகிதமாகவே இருக்கும், நெகிழி சுத்தமாக இருக்கும். அதைக் கையால் பிரிக்கிறவர்கள் மனிதர்கள். நாம் கட்டிக் கொடுக்கும் அழுகலைத் தினமும் அவர்கள்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உரத்தைப் பற்றி மிகையாக எதுவும் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் மண்புழு உரத்தை அமிர்தம் மாதிரி விற்பவர்கள் ஏற்கெனவே நிறைய. அதில் தழைச்சத்து பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான். அதன் பலன் சத்தின் அளவில் மட்டும் இல்லை. அது மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, நுண்ணுயிர்களைக் கொண்டுவருகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில், தொட்டிக் கலவையில் 10 முதல் 20 சதவீதம் அளவுக்கு மண்புழு உரம் சேர்த்தபோதே செடிகள் நன்றாக வளர்ந்தன. அளவைக் கூட்டிக்கொண்டே போனதால் வளர்ச்சியும் கூடிக்கொண்டே போகவில்லை. எனவே ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து கிடைப்பது நம் முன்புறத் தோட்டத்துக்கும் பால்கனிச் செடிகளுக்கும் தாராளமாகப் போதும். தோட்டத்துக்கு உரம் வாங்கச் சங்கம் செலவழிப்பதில் கொஞ்சமாவது மிஞ்சும்.

அடியில் வடியும் தண்ணீரைப் புட்டியில் அடைத்து இலையில் தெளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பாதி மக்கிய கழிவின் ஊறல், முழுதாகப் பக்குவப்பட்டது இல்லை. பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடியின் வேருக்கு ஊற்றுங்கள். பச்சையாகத் தின்னும் கீரையின் மேல் தெளிக்க வேண்டாம். மண்புழுத் தொட்டி சூடேறாது என்பதால் கிருமியோ விதையோ முழுதாகச் செத்துவிடும் என்று நம்பக் கூடாது. உரம் போட்ட தொட்டியில் தானாகத் தக்காளி முளைப்பது அதனால்தான். நாய், பூனை கழிவைத் தொட்டியில் போடக் கூடாது என்பதும், உரத்தைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். மூச்சிரைப்பு உள்ளவர்கள் காய்ந்த உரத்தைச் சலிக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது, பூஞ்சைத் துகள் பறக்கும்.

கண்டிப்பு வேண்டும் என்பதில் உங்களோடு எனக்கு மாறுபாடு இல்லை. தடையைவிடக் கண்டிப்பான விதியைத்தான் கேட்கிறேன். தொட்டி வைப்பவர் சங்கத்தில் பெயரைப் பதிவு செய்யட்டும். பொது நடைபாதையிலும் படிக்கட்டிலும் வைக்க வேண்டாம், அது தீ விபத்து நேரத்தில் வழியை மறிக்கும். நேர் வெயில் படும் இடமும் வேண்டாம். சமைத்ததும் இறைச்சியும் போட்டால் அனுமதி போகும். பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்தால் அன்றைக்கே உணவு போடுவதை நிறுத்தி, காகிதம் கலந்து கிளறிக் காற்றாட விட வேண்டும். புதிதாக எதுவும் போடாமல் இருந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இரண்டு வாரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. இடமில்லாத வீட்டுக்காரர்களுக்காகத் தண்ணீர்த்தொட்டிக்கு வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழலாக இருக்கும் அந்தச் சுவரோரத்தைக் கொடுங்கள். ஐந்தாறு வீடு சேர்ந்து அங்கே ஒரு தொட்டி வைக்கலாம். அதற்கு ஒருவர் மட்டுமே பொறுப்பு, அவர் கையால் மட்டுமே கழிவு உள்ளே போக வேண்டும். எல்லோரும் திறக்கும் தொட்டி நிச்சயம் கெடும். அந்த முதல் தொட்டியின் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். தேவையான புழுக்களை என் தொட்டியிலிருந்து தருகிறேன்.

எனவே பொதுக்குழுவில் வைக்கும் தீர்மானத்தை இப்படித் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்: "குடியிருப்போர் தங்கள் வீட்டு எல்லைக்குள், நிழலான இடத்தில், சங்கத்தில் பதிவு செய்த பின் மண்புழுத் தொட்டி வைத்துக்கொள்ளலாம். சமைக்காத காய்கறி, பழக் கழிவு மட்டுமே அதில் இடலாம். நாற்றம் குறித்துப் புகார் வந்து பதினைந்து நாளுக்குள் சரிசெய்யப்படாத தொட்டியை அகற்றச் சங்கத்துக்கு உரிமை உண்டு." திருத்தத்தை முன்மொழிய நான் தயார். வழிமொழிய மூன்று வீட்டார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்பாகக் குழு ஒப்புக்கொண்டால், அறிவிப்புப் பலகையில் இருக்கும் தாளை அதுவரைக்கும் எடுத்துவைக்கும்படியும் வேண்டுகிறேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் ஏற்கெனவே தொட்டிகளைக் காலி செய்யத் தயாராகிவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவராகக் குடியிருக்கும் மண்புழு வளர்ப்பவர்